நார்மருக்கு முன்னால் எகிப்தில் இருந்தவை வெறும் குடிசைகளா?

4 நவம்பர் 2023, மாலை (வாசகர் கேள்வி)

எகிப்தின் வரலாறு நார்மரில் தொடங்குகிறது என்றுதான் படித்திருக்கிறோம். அவர் தெற்கிலிருந்து படையுடன் வந்து வடக்கை வென்று, இரு நாடுகளையும் ஒரே முடியின் கீழ்க் கொண்டுவந்தார். அதற்கு முன் நைல் கரையில் இருந்தவை சிதறிக் கிடந்த மண்குடிசைகள் மட்டுமே. அப்படியிருக்க, அரச வம்சங்களுக்கு முந்தைய காலத்தை ஒரு தனிப் பண்பாடாகக் கருதிப் பக்கம் பக்கமாக எழுதுவது மிகையல்லவா?

4 நவம்பர் 2023, இரவு

மிகையல்ல. நார்மரிடமிருந்தே தொடங்குகிறேன். அவருடைய புகழுக்கு அடிப்படையாக இருப்பது 1898இல் தென் எகிப்தின் பழைய ஊரான ஹியராகோன்போலிஸில் கிடைத்த, ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கற்பலகை. அதில் அரசர் எதிரியின் தலைமுடியைப் பற்றிக்கொண்டு கதாயுதத்தை ஓங்கி நிற்பதை அனைவரும் பார்த்திருப்பீர்கள். மறுபக்கத்தில் நீண்ட கழுத்துள்ள இரண்டு விலங்குகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நடுவே ஒரு வட்டக் குழியை உண்டாக்குவதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் குழி கண்ணுக்குத் தீட்டும் பச்சை மையை அரைப்பதற்கான இடம். மாலகைட் என்னும் செம்புத் தாதுவை உருண்டைக் கல்லால் அரைத்துக் கண்ணைச் சுற்றித் தீட்டிக்கொள்வது நைல் பள்ளத்தாக்கில் நார்மருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிய வழக்கம். மீன் வடிவிலும் ஆமை வடிவிலும் சாய்சதுர வடிவிலும் செதுக்கிய சிறிய கற்பலகைகள், பச்சைக் கறை படிந்தபடியே, சாதாரண மக்களின் புதைகுழிகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அரசர் தம் வெற்றியை அறிவிக்கத் தேர்ந்தெடுத்தது அந்த மக்களின் மை அரைக்கும் பலகையைத்தான். அதைப் பல மடங்கு பெரிதாக்கிக் கோயிலில் வைத்தார். அந்தப் பண்பாட்டை விட்டுவிட்டு நார்மரை எப்படிப் படிப்பது?

காலவரிசை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் எகிப்தில், அதாவது தெற்கில், கி.மு. 4400 அளவில் படாரிப் பண்பாடு தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் நகாடாப் பண்பாட்டை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் கட்டத்தின் முடிவில், கி.மு. 3100ஐ ஒட்டி, நார்மர் வருகிறார். வடக்கே கழிமுகப் பகுதியில் மாதி, பூட்டோ முதலிய ஊர்களில் வேறொரு வாழ்க்கைமுறை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

5 நவம்பர் 2023, காலை

எழுத்தே இல்லாத காலத்தின் வரிசையை எப்படி அறிந்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தத் துறையில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1894-95இல் பிரிட்டிஷ் தொல்லியலாளரான ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தென் எகிப்தின் நகாடாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளை அகழ்ந்தார். உடல்கள் முழங்கால் மடங்கி, பெரும்பாலும் இடப்பக்கமாகச் சாய்ந்து, தலை தெற்கிலும் முகம் மேற்கிலும் இருக்குமாறு கிடந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மட்கலங்கள் அதுவரை அறிந்திருந்த எகிப்தியக் கலங்கள் எவற்றோடும் ஒத்துவரவில்லை. ஆகவே ‘பழைய அரசு’ (பிரமிடுகளைக் கட்டிய அரசர்களின் காலம்) வீழ்ந்தபின் வெளியிலிருந்து நுழைந்த ஒரு ‘புதிய இனம்’ இது என்று பெட்ரி முடிவு செய்தார். இவை எகிப்தியரின் வரலாற்றுக்கு முந்தைய கல்லறைகள் என்பதை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எடுத்துரைத்தவர் பிரெஞ்சுக்காரரான ழாக் டி மோர்கன். பெட்ரியும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டபின் அவர் செய்த வேலைதான் பெரியது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகள் படிந்த ஊராக இருந்தால், கீழே இருப்பது பழையது என்று சொல்லிவிடலாம். புதைகுழிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை. எது முந்தியது என்று மண் சொல்லாது. பெட்ரி ஏறத்தாழ 900 புதைகுழிகளைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் என்னென்ன வகைக் கலங்கள் இருந்தன என்பதை ஒவ்வொரு அட்டைச் சீட்டில் குறித்துக்கொண்டார். ஒரே வகைக் கலங்களைக் கொண்ட சீட்டுகள் அருகருகே வரும்வரை அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினார். இதன் முடிவு 1901இல் வெளியானது.

வரிசையின் முதுகெலும்பாக அமைந்தது அலைக்கைப்பிடிக் கலம். தொடக்கத்தில் அது பருத்த வயிறும், இரு பக்கமும் விரல்கள் அழுந்திப் பிடிக்கத்தக்க அலை அலையான கைப்பிடியும் கொண்ட பானை. அந்த வடிவமே பாலஸ்தீனப் பக்கத்திலிருந்து வந்தது. காலம் செல்லச் செல்ல வயிறு ஒடுங்குகிறது. கைப்பிடி சிறுத்து, பிடிக்க உதவாத புடைப்பாகிறது. கடைசியில் கலம் நேரான உருளையாகி, கழுத்தைச் சுற்றி ஓர் அலைக்கோடு மட்டும் மிஞ்சுகிறது. உள்ளே வைத்த பொருளும் இப்படியே தேய்ந்தது என்று பெட்ரி குறித்திருக்கிறார்: முதலில் நறுமணக் கொழுப்பு, பிறகு கொழுப்பின் மேல் ஒரு மண் படலம், கடைசியில் வெறும் மண். இறந்தவருக்குக் கொடுக்கும் பொருள் மெல்ல மெல்ல அடையாளமாக மட்டும் மாறிய கதை அந்த ஒரு வரிசைக்குள் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரி தம் வரிசைக்கு 30 முதல் 80 வரை எண்கள் கொடுத்தார். இன்னும் பழமையான கல்லறைகள் பிற்காலத்தில் கிடைக்கலாம் என்று 30க்குக் கீழே உள்ள எண்களைக் காலியாக விட்டார். 1920களில் கை பிரன்டனும் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் படாரிப் பண்பாட்டை வெளிக்கொண்டுவந்தபோது, அது அந்தக் காலி இடத்தில்தான் போய் அமர்ந்தது.

5 நவம்பர் 2023, பிற்பகல்

ஒரு சேர்க்கை. இன்று நாம் வழங்கும் நகாடா முதல், இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் என்ற பகுப்பு பெட்ரியுடையது அல்ல. 1957இல் வெர்னர் கைசர், அர்மந்த் இடுகாட்டில் எந்தப் பகுதியில் எந்தக் கலம் கிடக்கிறது என்பதை வைத்து அமைத்தது. அதைப் பின்னர் ஸ்டான் ஹென்ட்ரிக்ஸ் திருத்தினார். பெட்ரியின் எண்கள் இப்போது பயன்பாட்டில் இல்லை. ஆனால் அவருடைய முறை உலகம் முழுவதும் பரவிவிட்டது.

8 நவம்பர் 2023

லண்டனில் படித்த நாள்களில் பெட்ரியின் பெயரால் அமைந்த சிறு அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி செல்வேன். நெருக்கமாக அடுக்கிய கண்ணாடிப் பேழைகளுக்குள் அந்தக் கலங்கள் வரிசை வரிசையாக நிற்கும். என்னை நிறுத்திவைத்தது கருவிளிம்புக் கலம். சக்கரமே இல்லாமல் கையால் வனைந்தது. ஆனால் சுவர் சீராகவும் மெலிதாகவும் இருக்கும். உடல் செங்காவி பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய ஆழ்ந்த சிவப்பு. வாயை ஒட்டிய பகுதி பளபளக்கும் கருமை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரான கோடு இல்லை. புகை ஏறி இறங்கியதுபோல மங்கலான எல்லை. வாய்ப்பகுதிக்குக் காற்றோட்டம் கிடைக்காதபடி சாம்பலிலோ உமியிலோ புதைத்துக் கரியேற வைத்தால் இந்த நிறம் வரும் என்பது பொதுவான விளக்கம். செய்து பார்த்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் இதே விளைவைக் கண்டிருக்கிறார்கள்.

அதே அருங்காட்சியகத்தில், கெர்சே என்ற இடத்தில் 1911இல் கிடைத்த இரும்பு மணிகளும் உள்ளன. அங்கே இரண்டு புதைகுழிகளில் மொத்தம் ஒன்பது மணிகள் கிடைத்தன. ஒரு குழியில் அவை தங்கம், லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல், அகேட், சிவப்பு மணிக்கல் ஆகியவற்றோடு கோக்கப்பட்டிருந்தன. பார்வைக்குத் துருப்பிடித்த சிறு குழல்கள், அவ்வளவுதான். ஆனால் காலம் கி.மு. 3200 அளவு, எகிப்தியர் இரும்பைத் தாதுவிலிருந்து உருக்கக் கற்றுக்கொள்வதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன். 2013இல் வெளிவந்த ஆய்வுகள் நிக்கல், கோபால்ட், ஜெர்மானியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு இது விண்கல் இரும்பு என்று உறுதிப்படுத்தின. அதைத் தட்டித் தட்டித் தகடாக்கிக் குழலாகச் சுருட்டியிருக்கிறார்கள். விண்கல் இரும்பு செம்பைப் போல எளிதில் வளையாது, விரிசல் விடும். அதைப் பக்குவமாகச் சூடாக்கி அடிக்கத் தெரிந்த கைவினைஞர், நார்மருக்கு முன்பே, கெர்சே போன்ற சிற்றூர் வரை தம் பொருளைக் கொண்டுசேர்த்திருக்கிறார்.

லாபிஸ் லாசுலி இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடிசைகள் மட்டும் இருந்த கரைக்கு அந்தக் கல் எதற்காக வரும்?

9 நவம்பர் 2023

“மக்களைப் பற்றிச் சொல்லுங்கள், பானைகள் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கோரிக்கை.

கெபெலைன் என்ற இடத்தில் மணலில் புதைந்து, எவரும் பதப்படுத்தாமல் தானே உலர்ந்துபோன ஓர் இளைஞரின் உடல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் கி.மு. 3351க்கும் 3017க்கும் இடையில் வாழ்ந்தவர். இறக்கும்போது வயது 18 முதல் 21 வரை இருக்கலாம். 2012இல் சி.டி. ஸ்கேன் செய்தபோது, முதுகுப்புறமாக இடது தோள்பட்டை எலும்பின் அருகே பாய்ந்த ஒரு கூர்ங்கருவி கீழிருந்த விலா எலும்பையும் உடைத்திருந்தது தெரிந்தது. தற்காத்துக்கொள்ள முயன்றதற்கான காயங்கள் இல்லை. அவர் எதிர்பாராமல் குத்தப்பட்டிருக்கிறார்.

2018இல் அகச்சிவப்புப் படங்களின் உதவியால் இன்னொன்று தெரியவந்தது. அவருடைய மேற்கையில் அதுவரை வெறும் கறையாகத் தோன்றியது, உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று சற்றே படிந்த இரண்டு கொம்பு விலங்குகளின் பச்சைகுத்தல்: ஒன்று காட்டெருது, மற்றது வளைந்த கொம்பும் உயர்ந்த தோளும் கொண்ட பார்பரி ஆடு. அதே இடத்துப் பெண் ஒருவரின் தோளில் ‘எஸ்’ வடிவக் குறிகள் நான்கு வரிசையாக இருந்தன. நகாடா காலத்து ஓவியக் கலங்களிலும் இதே வடிவம் வரும். பழைய எகிப்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள் பெண்கள் மட்டுமே என்ற கருத்து அன்றோடு விலகியது.

நான் அந்தப் பேழைக்கு முன்னால் நின்றபோது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சுற்றி நின்றார்கள். தலையில் இன்னும் ஒட்டியிருக்கும் முடியை அவர்கள் விரலால் சுட்டிக் காட்டினார்கள். அந்த முடியின் நிறத்தை வைத்து அவருக்கு நெடுங்காலம் ஒரு செல்லப்பெயர் வழங்கியது. அருங்காட்சியகம் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. அது சரியான முடிவு. உடலைக் காட்சிக்கு வைப்பது முறைதானா என்ற கேள்வி எனக்குள் இன்னும் தீரவில்லை. அந்த உடலை ஆராய்ந்திராவிட்டால் அவர் கொல்லப்பட்ட விதம் எவருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

11 நவம்பர் 2023, காலை

நார்மர் பலகை கிடைத்த ஹியராகோன்போலிஸுக்குத் திரும்புகிறேன். அங்கே பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஆறாம் எண் இடுகாடு என்று அழைக்கப்படும் மேட்டுக்குடியினரின் இடுகாடு இருக்கிறது. பார்பரா ஆடம்ஸும் பின்னர் ரெனே ஃபிரீட்மனும் அங்கே நெடுங்காலம் அகழாய்வு செய்தார்கள். மரத்தூண்கள் தாங்கிய மண்டபங்கள், அவற்றைச் சுற்றிப் புதைகுழிகள், அந்தக் குழிகளில் விலங்குகள்: யானை, காட்டெருது, நீர்யானை, முதலை, சிறுத்தை, பபூன் குரங்குகள். காலம் கி.மு. 3600ஐ ஒட்டியது, அதாவது நார்மருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்.

ஒரு யானையின் வயிற்றில் இருந்தவை அப்படியே எஞ்சியிருந்தன: ஆற்றோரச் செடிகள், வேல மரச் சுள்ளிகள், பயிரிட்ட எம்மர் கோதுமையின் உமி. அதாவது யானையைப் பிடித்து வந்து, கட்டிவைத்து, மனிதர் உண்ணும் தானியத்தையும் இட்டு வளர்த்திருக்கிறார்கள். பபூன்களின் கை எலும்புகளில் முறிந்து மீண்டும் கூடிய தடங்கள் பல உள்ளன. பிடிக்கும்போதோ அடைத்து வைத்திருந்தபோதோ அடிபட்டு, ஆறும்வரை உயிரோடு வைக்கப்பட்டவை அவை. காட்டின் வலிமையைத் தன் கையில் வைத்திருப்பவன் தலைவன் என்று காட்டுவதற்காகவே இத்தனை செலவும் என்று நான் கருதுகிறேன். பிற்காலப் பரோக்கள் நீர்யானையையும் சிங்கத்தையும் வேட்டையாடும் காட்சிகளில் சொன்ன செய்தியும் இதுதான்.

அதே ஊரில் அதே காலத்தைச் சேர்ந்த பீர் வடிக்கும் தொட்டிகளும் கிடைத்தன. தொழிலாளர்களின் இடுகாட்டில் சில பெண்களின் கைகளும் கழுத்தும் பிசின் தோய்த்த மெல்லிய துணிகளால் சுற்றப்பட்டிருந்தன. பதப்படுத்தும் கலையின் தொடக்கங்கள் அரண்மனையில்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

11 நவம்பர் 2023, இரவு

பீரைப் பற்றி மேலும் கேட்டதால் ஒரு வரி. தென் எகிப்தில் அரசர்களின் இடுகாடு இருந்த அபிடோஸில் 2021இல் அறிவிக்கப்பட்ட வடிப்பகம் நார்மர் காலத்தை ஒட்டியது. எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், ஒவ்வொன்றிலும் 40 அளவில் பானைகள். ஒரு தடவைக்கு 22,400 லிட்டர் வடித்திருக்கலாம் என்பது அகழாய்வாளர்களின் கணக்கு. ஹியராகோன்போலிஸில் தொடங்கிய வேலை ஐந்நூறு ஆண்டுகளில் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

14 நவம்பர் 2023

வடக்கைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். மாதி இன்றைய கெய்ரோவின் ஒரு புறநகர்ப் பகுதி. அங்கிருந்தவர்கள் செம்பைக் கையாண்டார்கள், கழுதைகளை வளர்த்தார்கள், பாலஸ்தீனத்தோடு வணிகம் செய்தார்கள். தரையைத் தோண்டி அமைத்த வீடுகள் சில அவர்களுடைய ஊரில் இருந்தன. ஆனால் தெற்கத்தியரைப்போல இறந்தவரோடு செல்வத்தைப் புதைக்கவில்லை. அவர்களுடைய குழிகளில் ஓரிரு பானைகள் இருந்தாலே அதிகம். கல்லறையை மட்டும் பார்த்து ஒரு சமூகத்தை எடைபோட்டால் வடக்கு ஏழையாகத் தெரியும். தெற்கைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பதற்கும், வடக்கு இந்தக் கதையில் மங்கிக் கிடப்பதற்கும் இதுவே பெரிய காரணம். மற்றொன்று, கழிமுகத்தின் ஊர்கள் பல மீட்டர் வண்டலுக்கும் நிலத்தடி நீருக்கும் கீழே இருக்கின்றன.

மாதி கைவிடப்பட்டது நகாடாவின் இரண்டாம் கட்டத்திலேயே. அதன்பின் தெற்கத்திய மட்கலங்களும் புதைக்கும் முறையும் வடக்கே பரவி, நார்மர் பிறப்பதற்கு முன்பே கழிமுகம் முழுவதும் வழக்கமாகிவிட்டன. கழிமுகத்து ஊரான டெல் எல்-ஃபர்காவில் 2006இல் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் கண்டெடுத்த, பொன் தகடு போர்த்திய இரண்டு ஆண் உருவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். லாபிஸ் லாசுலிக் கண்கள், பெரியதன் உயரம் அரை மீட்டருக்கும் மேல். அவற்றைச் செய்வித்தவர்கள் எவராலோ மீட்கப்படக் காத்திருந்த குடிசைவாசிகள் அல்லர்.

15 நவம்பர் 2023

நார்மர் வென்ற வடக்கின் கிரீடத்தை அணிந்தாரா என்ற கேள்விக்கு: வடக்கின் அடையாளம் என்று பிற்காலத்தில் கருதப்பட்ட செம்முடியின், அதாவது சிவப்புக் கிரீடத்தின், மிகப் பழைய உருவம், தெற்கே நகாடாவில் பெட்ரி எடுத்த கருவிளிம்புக் கலத் துண்டு ஒன்றில்தான் புடைப்பாக இருக்கிறது. காலம் நகாடா முதல் கட்டம். ஆகவே நார்மர் பலகையில் செம்முடி இருப்பதை மட்டும் காட்டி, “வென்ற நாட்டின் முடியை அணிந்தார்” என்று வாதிட இயலாது.

19 நவம்பர் 2023

மேலே எழுதியவற்றைச் சேர்த்துப் படித்த ஒருவர், போரே நடக்கவில்லை என்பதுதான் என் நிலைப்பாடா என்று கேட்கிறார். அப்படி நான் கருதவில்லை. பலகையின் ஒரு பக்கத்தில், தலை வெட்டப்பட்டுக் கால்களுக்கிடையே தலை வைக்கப்பட்ட பத்து உடல்கள் இரண்டு வரிசைகளில் கிடக்கின்றன. அபிடோஸில் 1998இல் கிடைத்த ஒரு தந்தச் சீட்டு, நார்மரின் ஓர் ஆண்டை அடையாளப்படுத்த, அவர் பெயரை எழுதும் குறியான கெளிறு மீன் ஒரு கைதியை அடிப்பதைக் காட்டுகிறது. கைதியின் தலையில், கழிமுகத்தைக் குறிக்கும் பாப்பிரஸ் கோரை முளைத்திருக்கிறது. பலகையும் சீட்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. எண்ணெய்ச் சாடியில் கட்டும் சீட்டில் ஆண்டைக் குறிப்பதற்கு அந்த நிகழ்ச்சி பயன்பட்டது என்றால், மக்கள் அறிந்த ஒன்றாகவே அது இருந்திருக்கும். நான் மறுப்பது, அந்த ஒரு போர்தான் எகிப்தை உண்டாக்கியது என்பதை மட்டுமே. கெபெலைன் இளைஞரின் முதுகில் பாய்ந்த கருவியும் வன்முறையின் சான்றுதான். அமைதியான காலம் ஒன்று இருந்தது என்று எவரும் கற்பனை செய்ய வேண்டாம்.

23 நவம்பர் 2023

எழுத்து எப்போது வந்தது என்பது இந்த விவாதத்தில் விடுபட்டுவிட்டது. அபிடோஸில் உம் எல்-காப் இடுகாட்டில் 1988இல் குந்தர் டிரேயர் அகழ்ந்த ‘யூ-ஜே’ கல்லறையில் பன்னிரண்டு அறைகள் இருந்தன. நூற்றுக்கணக்கான சாடிகளும் ஒரு தந்தச் செங்கோலும் அங்கே கிடைத்தன. கூடவே எலும்பிலும் தந்தத்திலும் செய்த ஏறத்தாழ 160 சிறு சீட்டுகள். பெரும்பாலானவை அஞ்சல் தலையைவிடச் சிறியவை. மூலையில் கயிறு கோக்கத் துளை இருக்கும். சிலவற்றில் எண்ணிக்கைக் கோடுகள் மட்டும். மற்றவற்றில் பறவை, யானை, மலை, பாம்பு. இது நார்மருக்கு நூறு முதல் இருநூறு ஆண்டுகள் முன். எழுதத் தெரிந்த ஒருவர், எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று கணக்கு வைத்திருந்தார். அதைக் கேட்டுப் பார்க்க ஓர் அதிகாரம் இருந்தது.

26 நவம்பர் 2023

2013இல் மைக்கேல் டீ முதலியோர் வெளியிட்ட கரிமக் காலக்கணிப்பை ஒருவர் சுட்டியிருக்கிறார். அது இந்த இழைக்கு மிக முக்கியமானது. முதல் வம்சத்தின் ஆகா அரசர் பட்டமேறியது கி.மு. 3111க்கும் 3045க்கும் இடையில் என்றும், நகாடாப் பண்பாடு தொடங்கியது கி.மு. 3800-3700 அளவில்தான் என்றும் அந்தக் கணிப்பு சொல்கிறது. முன்பு நகாடாவின் தொடக்கத்தை கி.மு. 4000 என்றே வைத்திருந்தார்கள். அப்படியானால் முழு வளர்ச்சியும் அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. நான் “மெல்ல மெல்ல” என்று எழுதிய இடங்களில் வேகத்தைச் சற்றுக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் சொல்லும் ஒரு தலைமுறைத் திடீர் மாற்றம் இல்லை; ஆனால் நிதானமான ஆயிரமாண்டு நடையும் இல்லை.

2 டிசம்பர் 2023

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “எகிப்தியரே நார்மரைத்தானே முதல்வராகக் கருதினார்கள்?” என்கிறார். இது வலுவான வாதம். முதல் வம்சத்து டென் அரசரின் கல்லறையில் கிடைத்த முத்திரைப் பதிவு, அரசர்களை நார்மரிலிருந்துதான் வரிசைப்படுத்துகிறது: நார்மர், ஆகா, ஜெர், ஜெட், டென், அரசித் தாய் மெர்நெய்த். நார்மர் இறந்து சில தலைமுறைகளுக்குள்ளேயே அவர் ஒரு தொடக்கமாக எண்ணப்பட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களின் கல்லறைகள் நார்மரின் கல்லறைக்கு அருகிலேயே, அதே மணலில் இருக்கின்றன. கா என்பவரும் இரி-ஹோர் என்பவரும் அங்கே அரசருக்குரிய முறையில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். இரி-ஹோரின் பெயர் சினாய்ப் பாலைவனத்தில் வாடி அமெய்ரா என்ற இடத்துப் பாறையில் ஒரு படகின் உருவத்தோடு வெட்டப்பட்டிருப்பதை 2012இல் பியர் டாலே வெளியிட்டார். கூடவே ‘வெண்சுவர்’ என்று படிக்கப்படும் ஊர்ப்பெயரும் உள்ளது. அது பண்டைய தலைநகரான மெம்ஃபிஸின் பழைய பெயர். மெம்ஃபிஸை நிறுவியவர் முதல் அரசரே என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கேட்டறிந்து எழுதினார். அந்தப் பாறையைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்றால், நார்மருக்கு இரண்டு தலைமுறை முன்பே அந்த ஊருக்குப் பெயர் இருந்தது. அதன் பெயரைச் சினாய் வரை கொண்டுசென்று பாறையில் வெட்டுவிக்கத் தென்னாட்டு அரசர் ஒருவருக்கு ஆள்பலமும் இருந்தது.